எழுவாயும் வினையும் இயையும் முறை: ஆங்கிலத் தொடரும் தமிழ் மாணாக்கரும்

முன்னுரை

பினாங்குத் தீவை எதிர்நோக்கி நிலப்பகுதியில் அமைந்துள்ள பிறை, மலேசியத் தமிழர் வரலாற்றில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்ற வட்டாரமாகும். 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். தோட்டங்கள் இருந்த இடங்கள் பலவற்றில் இன்று தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. 1985இல் திறக்கப்பெற்ற பினாங்குப் பாலம் பிறையைத் தீவோடு இணைத்தது. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் நகர்ந்த இச்சமூகத்தில் ஆங்கிலம் பிழைப்புக்குரிய மொழியாக மட்டுமன்றி, உயர்கல்விக்குரிய வாயிலாகவும் கருதப்படுகின்றது.

அண்மையில் பிறையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கென நடைபெற்ற மொழிப் பயிலரங்கு ஒன்றில் நாம் பங்கேற்றோம். ஒரே தலைப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பத்தி எழுதுமாறு மாணவர்கள் பணிக்கப்பட்டனர். மூன்றாம் படிவ மாணவர் ஒருவர் தம் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் 'தி ஸ்மோக் ஃப்ரம் தி ஃபேக்டரிஸ் ஆர் பேட்' என்று எழுதியிருந்தார். 'இஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்' வந்துள்ளது. அதே மாணவர் தமிழ்ப் பத்தியில் 'தொழிற்சாலைகள் புகையை வெளியிடுகிறது' என்று எழுதியிருந்தார். 'வெளியிடுகின்றன' வரவேண்டிய இடத்தில் ஒருமை வினை வந்துள்ளது. பயிலரங்கு முடிந்தபின் அம்மாணவரின் தாயார் நம்மிடம், "தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்ததால்தான் இவனுக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லையோ, ஐயா?" என்று வினவினார்.

இவ்வினா ஒரு தாயின் வினா மட்டுமன்று. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதா வேண்டாவா என்று தயங்கும் பெற்றோர் பலரின் உள்ளத்தில் உள்ள வினாவும் இதுவே. ஆங்கிலத் தொடர்களில் எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு எத்தகையது, தமிழ் மாணாக்கர் எங்கெங்கே தவறுகின்றனர், அத்தவறுகளுக்குத் தமிழ் காரணமாகுமா என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

தமிழில் இயைபு

எழுவாயும் வினையும் ஒத்து நிற்றல் வேண்டும் என்னும் கருத்து தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டோடு தொடங்கி, ஐம்பால்களை வகுத்து, அவற்றை உணர்த்தும் வினையீறுகளையும் கூறுகின்றது. வினையால் அறியப்படும் பாலும் பெயரால் அறியப்படும் பாலும் தம்முள் மயங்குதல் கூடாது என்பது அவ்வியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாகும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் மயங்குவதை வழு என்று வரையறுக்கின்றது. இவ்வேழனுள் முதல் மூன்றும் நாம் இங்குப் பேசும் இயைபோடு நேரடித் தொடர்புடையவை.

தமிழ் வினைமுற்று எவ்வளவு செய்தியைத் தாங்கி நிற்கின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 'வா' என்னும் வினையின் இறந்தகால வடிவங்கள் வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன எனப் பத்தாக விரிகின்றன. இப்பத்துக்கும் ஆங்கிலம் 'கேம்' என்னும் ஒரே வடிவத்தைத்தான் வழங்குகின்றது. 'வந்தேன்' என்ற அளவிலேயே வந்தவர் யார் என்பது விளங்கிவிடுவதால் தமிழில் எழுவாய் தோன்றாமலும் நிற்கலாம். ஆங்கிலத்தில் வினை அச்செய்தியைத் தாராமையால் எழுவாய் பெரும்பாலும் வெளிப்படையாக நிற்றல் கட்டாயமாகின்றது.

எனினும், தமிழில் எல்லா வினைகளும் இவ்வாறு இயைவதில்லை. வேறு, இல்லை, உண்டு என்பன ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவென நன்னூல் கூறும். 'அவன் வரவில்லை, அவர்கள் வரவில்லை' எனவும், 'நான் வரவேண்டும், அவை வரவேண்டும்' எனவும் வருமிடங்களில் ஈறு மாறுவதில்லை. 'மாடு வரும், மாடுகள் வரும்' என எதிர்கால அஃறிணையில் ஒருமையும் பன்மையும் ஒரே வடிவம் பெறுகின்றன. ஆகவே, சில இடங்களில் வினை மாறும், சில இடங்களில் மாறாது என்னும் கருத்தைத் தமிழ்ச் சிறுவர் தம் தாய்மொழியிலேயே அறிந்துள்ளனர். ஆங்கிலத்தைக் கற்பதற்கு இவ்வறிவு தடையாகாது, துணையாகவே அமையக்கூடும்.

ஆங்கிலத்தில் இயைபு

ஆங்கிலத்தில் இயைபு மிகச் சிறிய பரப்புக்குள் ஒடுங்கிவிட்டது. பொது வினைகளைப் பொறுத்தவரை நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமை எழுவாய் வரும்போது மட்டும் வினையின் இறுதியில் 'ஸ்' சேர்கின்றது. 'ஐ ரன், யூ ரன், தே ரன்' என்பவற்றில் மாற்றமில்லை. 'ஹீ ரன்ஸ்' என்பதில் மட்டும் மாற்றம் தோன்றுகின்றது. இறந்தகாலத்தில் இயைபு இல்லை. 'கேன், வில், மஸ்ட்' முதலிய துணைவினைகளிலும் இல்லை. 'இருத்தல்' பொருள் தரும் வினை மட்டுமே 'ஆம், இஸ், ஆர்' என நிகழ்காலத்தில் மூன்றாகவும், 'வாஸ், வேர்' என இறந்தகாலத்தில் இரண்டாகவும் வேறுபடுகின்றது. 'ஹேவ்' என்பது 'ஹேஸ்' என மாறும்.

இந்நிலை தொடக்கம் முதலே இருந்ததன்று. பழைய ஆங்கிலத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூவிட ஒருமைக்கும் பன்மைக்கும் நிகழ்காலத்தில் வெவ்வேறு ஈறுகள் இருந்தன. அவை காலப்போக்கில் தேய்ந்தன. படர்க்கை ஒருமையில் மட்டும் ஓர் ஈறு எஞ்சியது. அவ்வீறும் முன்பு 'த்' ஒலியுடையதாக இருந்து, பின்னர் வடபுல வட்டார வழக்கிலிருந்து பரவிய 'ஸ்' என்பதற்கு இடம் கொடுத்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு பழைய ஈற்றையே பேணியது. ஆகவே, இன்று மாணாக்கரை வருத்தும் 'ஸ்' என்பது ஒரு பெரிய கட்டடம் இடிந்தபின் எஞ்சி நிற்கும் ஒற்றைத் தூண் எனலாம். விதி சிறியதாக இருப்பதே அதனை மறப்பதற்கும் காரணமாகின்றது. எங்கும் வரும் ஈறு பழக்கமாகிவிடும். ஓரிடத்தில் மட்டும் வருவது நழுவிவிடும்.

'நீ ஒருவன்தானே, பிறகு ஏன் யூ ஆர்?' என்று சிறுவர் வினவுவதுண்டு. இதற்குரிய விடை தமிழ்ச் சிறுவர்க்கே எளிதில் விளங்கும். முற்காலத்தில் 'யூ' பன்மைக்குரியது. ஒருமைக்குத் 'தௌ' என்னும் சொல் இருந்தது. ஒருவரை மதிப்போடு விளிக்கப் பன்மையைப் பயன்படுத்தும் வழக்கம் பரவியபின் ஒருமைச் சொல் பொது வழக்கிலிருந்து மறைந்தது. 'நீ' மறைந்து 'நீங்கள்' மட்டும் எஞ்சியதைப் போன்றது இது. ஒருவரைப் பன்மையாற் கூறும் வழக்கைத் தொல்காப்பியரும் குறித்துள்ளார். அஃது உலக வழக்கால் அமைந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியால் அமைந்ததன்று என்பது அவர் கருத்து.

பிழைகள் தோன்றும் இடங்கள்

தமிழ் மாணாக்கரின் ஆங்கில எழுத்தில் காணப்படும் இயைபுப் பிழைகளை ஐந்து வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, 'ஸ்' ஈற்றின் இரட்டைத் தன்மை. பெயரின் இறுதியில் வந்தால் அது பன்மையைக் குறிக்கும். வினையின் இறுதியில் வந்தால் ஒருமையைக் குறிக்கும். 'தி பாய் ரன்ஸ்' என்பது ஒருமை. 'தி பாய்ஸ் ரன்' என்பது பன்மை. 'சிறுவர்கள் ஓடினார்கள்' எனப் பெயரிலும் வினையிலும் ஒருங்கே 'கள்' கண்டு பழகிய மாணாக்கர், 'தி பாய்ஸ் ரன்ஸ்' என்று எழுதுவதில் வியப்பில்லை. அவர் இயைபை அறியாதவர் அல்லர். இயைபைத் தமிழ் முறையில் காட்டியவராவார்.

இரண்டாவது, சொல்லிறுதி ஒலி. தமிழில் சொல்லுக்கு ஈறாக வரும் எழுத்துகளை இருபத்துநான்கு என நன்னூல் வரையறுக்கின்றது. பன்னிரண்டு உயிர்கள், பதினொரு மெய்கள், குற்றியலுகரம் ஆகியவையே அவை. வல்லின மெய் எதுவும் அவற்றுள் இல்லை. 'வாக்ஸ், ஆஸ்க்ஸ்' போன்று மெய்கள் அடுக்கி முடியும் சொற்களை ஒலிக்கும்போது இறுதி 'ஸ்' தேய்ந்துபோதல் இயல்பு. நாவில் இல்லாதது எழுத்திலும் விடுபடுகின்றது. இஃது இலக்கணப் பிழைபோல் தோன்றினும் இதன் வேர் ஒலிப்பில் உள்ளது.

மூன்றாவது, மலாய்மொழியின் அமைப்பு. நம் மாணாக்கர் நாள்தோறும் பயன்படுத்தும் மலாய்மொழியில் எழுவாய்க்கேற்ப வினை மாறுவதில்லை. 'டியா பெர்கி' என்றால் அவன் அல்லது அவள் போகிறான், போகிறாள். 'மெரேக்கா பெர்கி' என்றால் அவர்கள் போகிறார்கள். வினை 'பெர்கி' என்றே நிற்கின்றது. இதனைக் குறையெனக் கொள்ளுதல் பிழையாகும். ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் நெறி உண்டு. ஆயினும் மூன்று மொழிகளை ஒருசேரக் கற்கும் சிறுவர், ஒன்றன் எளிமையை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வர் என்பதை ஆசிரியர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

நான்காவது, பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மை வினை மறைந்துள்ளமை. 'மாடு வந்தது, மாடுகள் வந்தன' என்னும் வேறுபாடு எழுத்துத் தமிழுக்குரியது. பேச்சில் இரண்டும் 'வந்துச்சு' என்றே முடிகின்றன. பயிலரங்கு மாணவர் 'தொழிற்சாலைகள் வெளியிடுகிறது' என்று எழுதியமைக்கு இதுவே காரணம். வீட்டுத் தமிழில் இல்லாத அஃறிணை எண் வேறுபாட்டைப் பள்ளித் தமிழ்தான் அவருக்குத் தரவேண்டும். அது தளர்வாகக் கற்பிக்கப்படும்போது 'திஸ் புக்ஸ் இஸ்' போன்ற தொடர்கள் எழுதப்படுவதில் வியப்பில்லை.

ஐந்தாவது, தலைமைப் பெயரின் இடம். இதுவே மிக நுட்பமானது. தமிழில் அடைகள் யாவும் பெயருக்கு முன்னே நிற்கும். 'தொழிற்சாலைகளிலிருந்து வரும் புகை' என்னும் தொகுதியில் தலைமைப் பெயராகிய 'புகை' இறுதியில் நிற்கின்றது. ஆங்கிலத்தில் இத்தகைய அடைகள் பெயருக்குப் பின்னே நிற்கும். 'தி ஸ்மோக் ஃப்ரம் தி ஃபேக்டரிஸ்' என்பதில் தலைமைப் பெயர் முதலில் நின்றுவிடுகின்றது. வினைக்கு அருகில் நிற்பது 'ஃபேக்டரிஸ்' என்னும் பன்மைப் பெயர். தொகுதியின் இறுதியில் நிற்பதே தலைமைப் பெயர் என்று பழகிய தமிழுள்ளம், அப்பன்மையைப் பற்றிக்கொண்டு 'ஆர்' என்று முடிக்கின்றது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. இவ்வைந்தாம் வகைப் பிழைக்குத் தமிழ் மரபு ஓரளவு வழிவகுக்கின்றது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆயின் இது தமிழர்க்கு மட்டும் உரிய பிழையன்று. கேத்ரின் பாக், கரோல் மில்லர் ஆகிய உளமொழியியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடமே இப்பிழையைச் சோதித்தனர். ஒருமைத் தலைமைப் பெயருக்கும் வினைக்கும் இடையில் பன்மைப் பெயர் ஒன்று வரும்போது, அவர்களும் வினையைப் பன்மையாக்கிப் பிழை செய்வது மிகுதியாதல் அவ்வாய்வில் புலப்பட்டது. மேலும், படர்க்கை ஒருமை 'ஸ்' ஈறு ஆங்கிலக் குழந்தைகளாலேயே தாமதமாகக் கைக்கொள்ளப்படுவது என்பதை ரோஜர் பிரவுன் 1973இல் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டியது.

நாமும் இதற்கு விலக்கல்லேம். அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 'பாடல்களில் இடைச்சொற்களின் பயன்பாடு காட்டுகின்றது' என்னும் கருத்தைத் 'தி யூஸ் ஆஃப் பார்ட்டிகிள்ஸ் இன் தி போயம்ஸ் ஷோ' என்று எழுதியிருந்தோம். நெறியாளர் 'ஷோ' என்பதை வட்டமிட்டு, எது காட்டுகின்றது என்னும் பொருள்படப் பக்கத்தில் ஒரு வினாவை மட்டும் எழுதியிருந்தார். தொடக்கப்பள்ளியில் நம் தமிழாசிரியர் எழுவாயைக் கண்டறியக் கற்பித்த அதே வினாதான் அது. பன்னிரண்டு வயதில் தமிழில் கற்றதை முப்பதாம் வயதில் ஆங்கிலத்திற்குப் பயன்படுத்தத் தவறியிருந்தோம்.

சில சிறப்பு இடங்கள்

ஆங்கிலத்தில் பொது விதியோடு ஒட்டாத சில இடங்களும் உள்ளன. அவற்றுள் பல தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டு விளக்கத்தக்கவை.

'ஷீப்' என்னும் சொல் ஓர் ஆட்டையும் குறிக்கும். பல ஆடுகளையும் குறிக்கும். எண்ணை வினையே காட்டும். தமிழில் 'ஆ வந்தது, ஆ வந்தன' என்பதும் இத்தகையதே. இத்தகைய அஃறிணை இயற்பெயர்களின் ஒருமை பன்மைகள் வினையால் உணரப்படும் எனத் தொல்காப்பியம் கூறும். பெயர் காட்டாததை வினை காட்டும் என்னும் இக்கருத்தை அறிந்தவர்க்குச் 'ஷீப் இஸ்', 'ஷீப் ஆர்' என்பன புதிராகா.

'எவ்ரிபடி' என்பதை 'எல்லாரும்' என்று பொருள் கொண்டால் பன்மை வினை எழுதத் தோன்றும். 'ஒவ்வோர் ஆளும்' என்று பொருள் கொள்ளின் ஒருமை வினை இயல்பாக அமையும். 'நியூஸ்' என்பது 'ஸ்' பெற்றும் ஒருமை. 'பீப்பிள்', 'போலீஸ்' என்பன 'ஸ்' பெறாமலே பன்மை. 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பதில் பேசப்படுவது எண்ணிக்கை; ஆகவே ஒருமை. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பதில் பேசப்படுபவர் மாணவர் பலர், ஆகவே பன்மை. குழுவைக் குறிக்கும் 'டீம்' போன்ற சொற்களுக்கு அமெரிக்க வழக்கு பொதுவாக ஒருமையையே கொள்ளும். பிரித்தானிய வழக்கு உறுப்பினரைக் கருதிப் பன்மையையும் ஏற்கும்.

'ஈதர், ஆர்' என இரு பெயர்கள் வருமிடத்தில், வினைக்கு அருகில் உள்ள பெயரோடு வினை இயைய வேண்டும் என்பது ஆங்கில இலக்கண நூல்கள் கூறும் நெறி. இருவகைப் பெயர்கள் கலந்து வருமிடத்தில் எதனோடு முடிப்பது என்னும் சிக்கலை நன்னூலும் எதிர்கொண்டது. திணையும் பாலும் விரவி வரின், சிறப்பு, மிகுதி, இழிபு ஆகியவற்றுள் ஒன்றன் அடிப்படையில் ஒருமுடிபு கொள்ளலாம் என்று அது வழிகாட்டியது. ஆங்கிலம் அண்மையைக் கருதிற்று. தமிழ் பொருளைக் கருதிற்று. சிக்கல் ஒன்றே, தீர்வுகள் வேறு.

'ஷி ஹேவ் டூ பிரதர்ஸ்' என்னும் பிழையும் கருதத்தக்கது. தமிழில் 'அவளுக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்போம். வினை தம்பிகளோடு இயைகின்றது; 'அவளுக்கு' என்பது நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் உடையவளே எழுவாய். ஆகவே 'ஹேஸ்' என்று வருதல் வேண்டும். இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினால் மாணாக்கர் எளிதில் தெளிவு பெறுவர்.

வகுப்பறையில் மேற்கொள்ளத்தக்கவை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் சில வழிமுறைகளை முன்வைக்கலாம். முதலில் வினையைக் கண்டு, அவ்வினையை நோக்கி 'யார், எது, எவை' என்று வினவி எழுவாயைக் கண்டறியப் பழக்க வேண்டும். நீண்ட எழுவாய்த் தொகுதி வருமாயின் அதனைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் செய்யலாம். தமிழில் இறுதியில் நிற்கும் பெயரே ஆங்கிலத்தில் தலைமைப் பெயர் ஆகும். 'தொழிற்சாலைகளிலிருந்து வரும் புகை' என்று கூறியவுடன், இயைய வேண்டியது புகையோடு என்பது தெளிவாகிவிடும். இங்குத் தமிழே பிழையைத் திருத்தும் கருவியாகின்றது.

அடுத்து, நிகழ்காலத் தொடர்களில் 'ஸ்' பொதுவாக எழுவாயிலோ வினையிலோ ஓரிடத்தில்தான் வரும் என்னும் குறிப்பைத் தொடக்க நிலையில் தரலாம். விலக்குகளைப் பின்னர் அறிமுகப்படுத்தலாம். எழுதியதை உரக்க வாசிக்கச் செய்து இறுதி ஒலியைக் கேட்கவும் பழக்க வேண்டும். மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழித் தொடர்களை ஒரே பலகையில் அடுத்தடுத்து எழுதிக்காட்டுதலும் பயன் தரும். தமிழ் வகுப்பில் அஃறிணைப் பன்மைக்குரிய 'அன' ஈற்றை விட்டுக்கொடுக்காமல் கற்பித்தல் இன்றியமையாதது.

முடிவுரை

நம் நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகப் பலரும் குறிப்பது, 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஆங்கில வகுப்புகளோடு தொடங்கப்பெற்ற தமிழ் வகுப்பையே ஆகும். தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ்த் தொடங்கிய அவ்வரலாற்றை நோக்க, ஒன்றை மற்றொன்றின் பகையாகக் கருதுதல் பொருந்தாது. 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட காலத்திலும், 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்யப்பட்ட பின்னரும், தாய்மொழி ஆங்கிலத்தைக் கெடுக்கும் என்னும் அச்சம் பெற்றோரிடையே நீங்கவில்லை. 1999இல் தொடங்கப்பெற்ற மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு உயர்கல்வி நாடுவோர்முன் நிற்பதால், இவ்வச்சத்தை எளிதாகப் புறந்தள்ளவும் இயலாது.

ஆயினும் நாம் கண்ட சான்று வேறொன்றை உணர்த்துகின்றது. பிறை மாணவரின் இரு தொடர்களிலும் பிழை இருந்தது. அவற்றுள் தமிழ்ப் பிழை, அவர் தமிழைப் பேச்சளவில் மட்டும் அறிந்து எழுத்தளவில் முழுமையாகப் பெறாமையால் நேர்ந்தது. ஆங்கிலப் பிழையைத் திருத்துவதற்கு வேண்டிய அறிவும் அத்தமிழ் இலக்கணத்திலேயே இருந்தது. அத்தாயாருக்கு நாம் கூறிய விடையும் இதுவே. மகன் மிகுதியாகத் தமிழ் கற்றதால் தவறவில்லை. கற்ற தமிழை ஆங்கிலத்தோடு பொருத்திப் பார்க்க அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. அன்று மாலை அம்மாணவரிடம் அவ்விரு தொடர்களையும் மீண்டும் கொடுத்து, எது கெடுதி செய்கின்றது, எவை வெளியிடுகின்றன என்று மட்டும் வினவினோம். சற்று எண்ணிப்பார்த்து, இரண்டையும் அவரே திருத்தினார்.